கால்வாய்க் கரையில் நான் அடித்த மருந்து

கண்ணு,

நீயும் உனக்கு வரப்போகிறவளும் நன்றாக இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது எதுவும் கல்யாண வீட்டிலிருந்து வருகிற கடிதம் மாதிரி இருக்காது. போனிலேயே சொல்லியிருக்கலாம். இந்த வாரத்தில் நான்கு தரம் உன் நம்பரைப் போட்டு, "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். போனில் பேசினால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், அதைப் பிடித்துக்கொண்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இந்தக் கடிதத்தை நீ படித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நம் மாந்தோப்புச் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதம் கால்வாய்க் கரையில் புல்லைக் கருக்குகிற மருந்து அடித்தது முனிரத்தினம் இல்லை. நான்தான். நீ கூட்டத்தில் எழுந்து நின்று அவன்மேல் சொன்னது பொய். அது பொய் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே உன்னைப் பேசவிட்டு, உன் பக்கத்திலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அக்ரிமெண்ட் ஊருக்கு வந்தபோது எவ்வளவு கேலி நடந்தது, நினைவிருக்கிறதா? மலையடியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் நாங்கள் பதினோரு பேருடைய மாந்தோப்பு ஓரமாகத்தான் வருகிறது. கால்வாயின் இரண்டு கரையிலும் பத்தடி அகலத்துக்கு உழக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது, நெருப்பு வைக்கக்கூடாது, முளைப்பது முளைக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும் என்றார்கள். மண் அரித்து ஏரிக்குள் போகாமல் புல் பிடித்துக்கொள்ளுமாம். மருந்துத் தண்ணீர் ஏரிக்குக் கீழே இருக்கும் காலனிக் கிணற்றில் இறங்காதாம். அங்கே பூக்கிற பூவுக்கு வருகிற தேனீ, மாம்பூவுக்கும் வருமாம். இப்படி விட்டால் சித்தூர் மாங்கூழ் ஆலைக்காரர்கள் எங்கள் காய்க்கு மார்க்கெட் விலைக்கு மேலே ஒரு விலை போட்டு எடுப்பார்கள், அது போகக் காலனிக் கிணற்றைத் தூர்வாரி மோட்டார் வைத்துத் தருவார்கள் என்று பேச்சு. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "பொதரு வளத்தா துட்டு குடுப்பாங்களாம்டா, அப்போ நான் தாடி வளக்கறேன், எனக்கு இன்னா குடுப்பான் கேளு" என்று ஒருத்தர் சொல்ல, ஊரே சிரித்தது. தெலுங்கில் இருந்த காகிதத்தை நீதான் ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டினாய். திருப்பதியில் சொட்டுநீர்க் குழாயும் பயிர் மருந்தும் விற்கிற கடையைப் பார்த்துக்கொள்கிற பையன், விவசாயக் காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்று அன்றைக்கே உனக்கு ஊரில் ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் கீழே எழுதப்போகிறேன்.

அந்தக் காகிதத்தில் ஒரு வரியை நீ இரண்டு தரம் படித்தாய். பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், ஒருத்தர் தவறினால் அந்த வருஷம் யாருக்கும் எதுவும் கிடையாது. தவறியவர் யார் என்று, ஆலைக்காரர்கள் ஆய்வுக்கு வருவதற்கு முன்னாலேயே சங்கம் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் மட்டும் மற்றவர்கள் தப்பிக்கலாம். அப்போது நான்தான் சொன்னேன், "இது நல்லதுதான், ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க" என்று. என்னையே செயலாளராகப் போட்டார்கள்.

ரத்தினத்தை அந்தப் பதினோரு பேரில் ஒருத்தனாகச் சேர்த்ததும் நான்தான். அவன் கவுலுக்கு, அதாவது குத்தகைக்கு, பயிர் வைப்பவன். நிலம் சித்தூரில் இருக்கும் வக்கீலுடையது. சொந்த நிலம் இல்லாதவனுக்கு எதற்குக் கையெழுத்து என்று இரண்டு பேர் முறைத்தார்கள். ஒன்பது வருஷமாகக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெயிலில் நிற்பவன் அவன், வக்கீல் ஒரு நாளாவது அந்தக் கரையை மிதித்திருக்கிறாரா என்று நான் சண்டை போட்டேன். எனக்கு அதில் பெருமை. உன் நைனா காலமான பிறகு ஊரில் நான் ஜெயித்த முதல் சண்டை அது. அதற்கப்புறம் நான் எவ்வளவு கெடுபிடியாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். கரையில் யாராவது விறகு அடுக்கினால் திட்டுவேன். ஒரு நாள் ரத்தினம் தன் மாட்டை அந்தப் புல்லில் கட்டிவிட்டான் என்று நாலு பேர் கேட்கிற மாதிரி கத்தினேன். அவன், "சரிக்கா, கோச்சிக்காத, அவுத்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனான்.

இப்போது சித்திரைக்கு வருகிறேன். காட்பாடியிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதாக நாள் குறித்தாகிவிட்டது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டேன், அதெல்லாம் உனக்குத் தெரியும். அந்த வேலைகளுக்கு நடுவில் ஒரு நாள் காலை, அவர்கள் கார் எங்கே நிற்கும், அங்கிருந்து எப்படி நடந்து வருவார்கள் என்று பார்ப்பதற்காகக் கால்வாய்ச் சிறுபாலத்தில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் இடுப்பளவு புதர். ஆவாரஞ்செடியும் தும்பையும் நாயுருவியும், பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ. மூன்று வருஷமாக நான் காவல் காத்த புதர்தான். ஆனால் அன்றைக்கு அதை அவர்கள் கண்ணால் பார்த்தேன். ஆம்பளை இல்லாத வீடு, பையன் திருப்பதியில் உட்கார்ந்திருக்கிறான், பொம்பளை நிலத்தைக் கவனிக்காமல் போட்டுவிட்டாள், கால்வாய்க் கரையைக்கூடச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று நினைப்பார்களே என்று தோன்றியது. அக்ரிமெண்ட், தேனீ என்று எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது? எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். எத்தனை முறை தோண்டிப் பார்த்தாலும் அதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

அறுத்துப் போட்டால் அரிவாள் தடம் தெரியும், கேட்பார்கள். மருந்து அடித்தால் பத்து நாளில் தானாகக் காயும், கோடையில் காய்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய், தெரிந்த கடையை விட்டுவிட்டு வேறு கடையில் புல் மருந்து வாங்கினேன். நம் தெளிப்பான் பழுதாகிக் கிடந்தது. ரத்தினத்திடம், "மாங்கன்னுக்குப் பூச்சி மருந்து அடிக்கணும், ஒன் டேங்கு குடுடா" என்று கேட்டு வாங்கினேன். அவனே தூக்கி வந்து கொடுத்தான். அவன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சிறுபாலத்தைச் சுற்றி ஒரு நாற்பது அடிக்கு அடித்தேன். நடக்கிற வழி அவன் பக்கத்துக் கரையில் இருப்பதால் அவன் பக்கம்தான் அதிகம் பட்டது. திருப்பிக் கொடுக்கும்போது டேங்கைக் கழுவினேனா என்று கேள். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஆட்டிக் கொட்டினேன். அதற்குப் பெயர் கழுவுதல் இல்லை என்று உன் கடைப் பையன்கூடச் சொல்வான்.

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. நடுவில் கோடை மழை பெய்தது. கால்வாய் நெடுக எல்லாம் பச்சென்று கிளம்பிவிட்டது, அந்த நாற்பது அடி மட்டும் வெந்து போனது மாதிரி நின்றது. பெண் வீட்டார் வந்த அன்று, உன் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் சிறுபாலத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அத்த, இவரு போன்ல போட்டோ அனுப்புனாரே, மஞ்சப் பூவா நெறைய இருந்துச்சே, அது எந்த எடம்? அதப் பாக்கணும்னுதான் நான் வந்ததே" என்றாள். நீ அந்தப் படத்தை அனுப்பியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கேவலமாக நினைப்பார்கள் என்று நான் கருக்கிய இடத்தைப் பார்க்கத்தான் அவள் ஆசையாக வந்திருக்கிறாள். நீ என் பக்கம் திரும்பி, "யாரும்மா இப்டி பண்ணது?" என்றாய். "எனக்கு இன்னா தெரியும்" என்றேன். உன்னிடம் சொன்ன முதல் பொய் அது. அங்கேயே, அந்த நிமிஷமே, "நான்தான்டா, புத்தி கெட்டுப் போச்சு" என்று சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் கத்தியிருப்பாய், அந்தப் பெண் சிரித்திருப்பாள், சங்கத்தில் என்னை நீக்கியிருப்பார்கள். அத்தோடு போயிருக்கும்.

மறுநாள் பால் சென்டர் கட்டடத்தில் சங்கக் கூட்டம். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள், அதற்குள் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்றார் தலைவர். நீ லீவு சொல்லிவிட்டு இருந்துவிட்டாய். யாரும் சொல்லாமலே ரத்தினத்தின் மோட்டார் ரூமுக்குப் போய், அந்த டேங்கைத் தூக்கி வந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாய். "எல்லாரும் மோந்து பாருங்க. புல்லு மருந்து. தெனம் இதோட பழகறவன் நான், எனக்குத் தெரியாதா? அவரு பக்கம்தான் நெறைய காஞ்சிருக்கு. காத்துல எங்க கரைலயும் கொஞ்சம் பட்டிருக்கு, அவ்ளோதான்." எவ்வளவு தெளிவாகப் பேசினாய்! வேறொரு நாளாக இருந்தால் நான் பூரித்துப் போயிருப்பேன்.

"நான் அடிக்கல" என்றான் ரத்தினம். "சாமி சத்தியமா அடிக்கல. டேங்கு ரெண்டு நாளு அக்காகிட்ட இருந்துச்சு. அக்காவ கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சொன்னது நினைவிருக்கிறதா? உனக்கு மறந்திருக்கும், எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "கன்னுக்குப் பூச்சி மருந்து அடிக்க வாங்கினேன். கழுவிதான் குடுத்தேன்." குரல் நடுங்கக்கூட இல்லை. நடுங்கியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அப்போது உனக்கு வந்த கோபம் எனக்காக வந்தது. "எங்கம்மாவையா சொல்ற? இந்த அக்ரிமெண்ட்டுக்கு ஊரு ஊரா அலைஞ்சவங்க அவங்க. ஒன்ன உள்ள சேத்ததே அவங்க. நன்றி இல்லாத மனுஷன்யா நீ" என்றாய். ரத்தினம் உன் முகத்தையே பார்த்தான். மூடியைத் திருகி மூடி, டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். நீக்குகிற தீர்மானத்தில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைவர் பேனாவை நீட்டினார். போட்டேன்.

அப்புறம் நடந்ததை நீ திருப்பதியிலிருந்து அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். அந்தத் தோப்புக் காய்க்கு மேல் விலை கிடைக்காது என்று தெரிந்ததும் வக்கீல் ஆனி மாதமே கவுலை வேறொருத்தருக்கு மாற்றிவிட்டார். ரத்தினம் இப்போது பலமனேர் மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கூடை தூக்கப் போகிறான். ஊரில் அவனுக்கு "மருந்து ரத்தினம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பத்துப் பேருக்கும் சொன்னபடி விலை வந்தது. காலனிக் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்கள். திறப்பு விழாவில் என்னைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். ரத்தினத்தின் பெண்டாட்டி சரளா குடத்தோடு வரிசையில் நின்றாள். தண்ணீர் பாய்ந்ததும் எனக்குப் பக்கத்தில் வந்து, "நல்லா வருதுக்கா தண்ணி" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். குத்தினாள் என்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நீ ஏழாவது படிக்கும்போது, டியூஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சித்தூரில் சினிமாவுக்குப் போனாய். கண்டுபிடித்த அன்றைக்கே உன்னைப் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போய், டியூஷன் சார் முன்னால், அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நிறுத்தி, "பொய் சொன்னேன் சார்" என்று சொல்ல வைத்தேன். நீ அழுதுகொண்டே சொன்னாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னோடு பேசவே இல்லை. நல்ல அம்மாவாக நடந்துகொண்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சினிமா டிக்கெட்டுக்கு உன்னை அப்படி நிறுத்தியவள், ஒரு மனுஷனின் பிழைப்பு போனபோது வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்டவளுக்கு உனக்குப் புத்தி சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் பெண்டாட்டியிடம் எதையும் வெள்ளையடித்துக் காட்டாதே. அவள் புதரைப் பார்க்க வந்தவள், புதரையே காட்டு. கடன் இருந்தால் கடன் என்று சொல், பயமாக இருந்தால் பயம் என்று சொல். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று ஒரு வேலை செய்யப் போகும்போது, அந்த நாலு பேரில் ஒருத்தராவது அப்படி நினைத்தாரா என்று கேட்டுவிட்டுச் செய். நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதா இதைச் சொல்வது என்று கேட்பாய். நானும் முடிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முடிந்த பிறகு தலை தீபாவளி என்பேன், அப்புறம் பொங்கல் என்பேன், அப்புறம் பேரப்பிள்ளை என்பேன். சொல்லாமலே செத்துப்போவேன். காட்பாடிக்கும் இது போகும், போகட்டும். நீயே முதலில் சொல்லிவிடு. நம் பத்துப் பேருக்கும் வந்த விலையை ஆலைக்காரர்கள் திருப்பிக் கேட்பார்களோ, அடுத்த வருஷம் ஒப்பந்தமே வேண்டாம் என்பார்களோ, எனக்குத் தெரியாது. ஆலையிலிருந்து ஆய்வுக்கு வருகிற அதிகாரிப் பெண்ணிடமும் நானே சொல்கிறேன். ஊர் என்னைக் கிழிக்கும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே, திட்டு வாங்கினால் எனக்குச் சோறு இறங்கும் என்று தோன்றுகிறது.

நேற்றுச் சாயங்காலம் ரத்தினம் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை, தட்டில் உன் கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலைபாக்கும் எடுத்துக்கொண்டு போனேன். பலமனேரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான், கால் கழுவிக்கொண்டிருந்தான். உட்காராமலே சொன்னேன். "ரத்தினம், டேங்க நான் சரியா கழுவல. பூச்சி மருந்தே இல்ல அது. கரைல புல்லு மருந்து அடிச்சது நான்தான்டா."

"தெரியுங்க" என்றான். என்னை எப்போதும் 'நீ' என்றுதான் பேசுவான். "டேங்கு வந்த அன்னிக்கே மோந்து பாத்துட்டேன். கேட்டுடலாம்னு ஒங்க வூட்டாண்ட வந்தேன். பொண்ணு வூட்டுக்காரங்க வராங்கன்னு நீங்க ஏணி மேல ஏறி செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருந்தீங்க. சரி, நல்ல காரியம் நடக்கற எடம், அப்பறமா கேட்டுக்கலாம்னு திரும்பி வந்துட்டேன்."

சரளா உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். "அப்பறமான்னு விட்டாரு பாரு, அதான் இந்த மனுஷன் பண்ண தப்பு" என்றாள்.

வக்கீலிடம் நானே போய்ப் பேசி நிலத்தை வாங்கித் தருகிறேன், முடியாவிட்டால் நம் தோப்பில் பாதியை நீ பார்த்துக்கொள் என்றேன். அழுதேன், அதையும் மறைக்கவில்லை. அவன் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு, "நெலத்தப் பத்தி ஞாயித்துக்கெழம மீட்டிங்குல பேசிக்கலாம்" என்றான். தட்டை நீட்டினேன். பத்திரிகையைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"ஒங்க புள்ள எம் மூஞ்சப் பாத்து நன்றி கெட்டவன்னு சொல்லிச்சு. சின்னதுல இருந்து என் தோள் மேல ஏறி மாங்கா பறிச்ச புள்ள. நீங்க பொய் சொன்னது கூட எனக்கு அப்டி நோவல. இப்போ நீங்க வெச்சா நான் எப்டி வாங்கறது? அந்தப் புள்ளயே நெஜம் தெரிஞ்சி வந்து வெக்கட்டும். வாங்கிக்கறேன். வரலன்னா உடுங்க."

பத்திரிகையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதவில்லை, அதை நீ எழுது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. கூட்டம் பத்து மணிக்கு, அதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். நான் தெருமுனையில் நின்றுகொள்கிறேன், நீ மட்டும் போ. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவசரம் இல்லை. அவனை மட்டும் காக்க வைக்காதே.

உன் அம்மா